பாட்டோடு ஒட்டிய நினைவுகள்: ஒரு வானொலி அறிவிப்பாளரின் பதில்

கும்பகோணத்தில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பழைய திரைப்பாடல் ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் எப்போதோ நடந்தது கண்முன் வந்து நிற்பது ஏன் என்பது முதல் கேள்வி. பாட்டுப் போடுவதையே வேலையாகக் கொண்டவர்களுக்குப் பாட்டு சலித்துப்போகாதா என்பது இரண்டாவது. தம் ஊர்ப் பெரியவர்களிடம் பாட்டோடு சேர்ந்த நினைவுகளைத் திரட்ட விரும்புவதாகவும், அவர்களிடம் எப்படிக் கேட்பது என்றும் மூன்றாவதாகக் கேட்டிருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வானொலி கேட்டு வளர்ந்தவன், பிறகு திருச்சி வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில் இது: ஒரு பாட்டு எவ்வளவு உயர்ந்தது என்பதற்கும், அது ஒருவருடைய நினைவைப் பிடித்து வைத்திருப்பதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. நாம் தேடிப் போகாமல், குறித்த ஒரு நேரத்தில், கை வேறு வேலையில் இருக்கும்போது காதில் விழுந்த பாட்டுதான் அந்த வேலையையும் வேளையையும் இடத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. வானொலியின் அமைப்பே அப்படிப்பட்டது. எந்தப் பாட்டு வரும் என்பது கேட்பவருக்குத் தெரியாது. எந்த நேரத்தில் வரும் என்பது மட்டும் தெரியும்.

திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கப்பட்டது. மத்திய அலையில் (மீடியம் வேவ்) 936 கிலோஹெர்ட்ஸில் வரும் அதன் ஒலிபரப்பு டெல்டாவின் கடைசிக் கிராமம் வரை தெளிவாகக் கேட்டதற்கு எங்கள் மண்ணும் ஒரு காரணம். தரையை ஒட்டிச் செல்லும் மத்திய அலை, ஈரமான வண்டல் நிலத்தில் குறைந்த இழப்போடு நெடுந்தூரம் போகும். குறுக்கே மலையும் இல்லை. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்த காலத்தில், பஞ்சாயத்து அலுவலகத்துச் சுவரிலோ பூங்கா நடுவிலிருந்த கம்பத்திலோ ஒலிபெருக்கியைக் கட்டி, மாலை நேரத்தில் அதற்கென்று இருந்த ஆள் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். செய்தி, வேளாண் நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாட்டு என்று எது வந்தாலும் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். திரைப்பாடல் வரும் நேரம் வந்ததும் தெருவில் கூட்டம் கூடிவிடும், பெண்கள் வாசற்படிக்கு வந்துவிடுவார்கள். ஒருவரும் நிலையத்தை மாற்ற முடியாது. மாற்றும் குமிழ் பூட்டிய அறைக்குள் இருந்தது.

அந்த வேளாண் நிகழ்ச்சிகளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகத்தின் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி விடாமல் சொல்லிவந்ததால், தஞ்சை மாவட்ட விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் தந்தையின் தலைமுறையில் பலருக்கு, நாற்றங்காலுக்கு எத்தனை கிலோ விதை, எத்தனையாவது நாளில் மேலுரம் என்ற கணக்கும், அதைத் தொடர்ந்து வந்த பாட்டின் பல்லவியும் ஒரே இடத்தில்தான் பதிந்திருந்தன. ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக வரும். நடவு வயலில் உரமூட்டையைப் பிரித்தபடி காதல் பாட்டின் சரணத்தை முணுமுணுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

மாலை மங்கிய பிறகு நிலைமை மாறும். வளிமண்டலத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் அடியடுக்கு பகலில் மத்திய அலையை விழுங்கிக்கொள்ளும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால் தொலைதூர நிலையங்களும் காதுக்கு எட்டும். எங்களுக்கோ பாக் நீரிணைக்கு அக்கரையில் இருந்த இலங்கை, இரவில் மட்டுமன்றிப் பகலிலும் பக்கத்து வீடாக இருந்தது. உப்பு நீர் மத்திய அலைக்கு நல்ல பாதை என்பதால், வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் இலங்கை வானொலி உள்ளூர் நிலையத்துக்கு இணையான தெளிவோடு கேட்கும். 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலைப் பெருமளவு குறைத்தபோது, அதற்கு முன்பே, 1950-இல், வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கைக்கு நேயர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். 1957-இல் திரைப்பாடலுக்கு இடமளித்து அகில இந்திய வானொலியே விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் கடற்கரையை விட்டுப் போகவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றி, நேரில் பார்த்தவர்களைப்போல எங்கள் வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

மாணவி கேட்டிருப்பதற்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று இலங்கை வானொலியில் இருந்தது. ‘இசையும் கதையும்’ என்று பெயர். நேயர் எழுதி அனுப்பிய கதையை ஒருவர் உருக்கமாக வாசிக்க, கதையின் திருப்பங்களில் அதற்கேற்ற திரைப்பாடல்கள் ஒலிக்கும். கதைகள் பெரும்பாலும் கைகூடாத காதலைப் பற்றியவை. எழுத்தாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் தம் வாழ்க்கையைப் பாட்டுகளுக்கு இடையில் வைத்துச் சொல்லலாம் என்று சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நிகழ்ச்சி என்பது என் கருத்து. பின்னாளில் எங்கள் நிலையத்துக்கு வந்த கடிதங்களில் அதன் சாயலை அடிக்கடி கண்டேன்.

அறிவியலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா என்ற ஆய்வாளர், இளைஞர்களுக்கு அவர்களுடைய சிறுவயதில் புகழ்பெற்றிருந்த பாட்டுகளின் துணுக்குகளைக் கேட்கச் செய்து மூளையின் இயக்கத்தைப் படம் பிடித்தார். சொந்த நினைவைக் கிளப்பும் பாட்டு ஒலிக்கும்போது, நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்வதை 2009-இல் வெளியிட்டார். பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவை முதுமையிலும் அதிகமாக நினைவுக்கு வரும் என்பது உளவியலாளர்கள் பலகாலமாகச் சொல்லிவருவது. அந்த வயதில் எந்தப் பாட்டு காதில் விழுந்ததோ அதுவே நமக்குப் ‘பொற்காலப் பாட்டு’. எல்லாத் தலைமுறையும் தன் காலத்துப் பாட்டையே உயர்த்திப் பேசுவதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாட்டு சலிக்காது, ஆனால் அறிவிப்பாளர் கேட்கும் பாட்டும் நேயர் கேட்கும் பாட்டும் ஒன்றல்ல. இசைத்தட்டுக் காலத்து வேலையைச் சற்று விவரித்தால் இது விளங்கும். நிகழ்ச்சிக்குரிய தட்டுகளை நூலகத்திலிருந்து பெற்று, உறையிலுள்ள எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, வரிசையாக அடுக்கிக்கொள்வோம். ஒரு சுழல்மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேடையில் அடுத்த தட்டை வைத்து, ஊசியை முதல் வரித்தடத்தில் இறக்கி, கையால் மெல்லச் சுழற்றி, காதணிக் கருவியில் முதல் ஒலி கேட்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தட்டைப் பின்னோக்கி அரைச் சுற்று திருப்பி நிறுத்திக்கொள்வோம். ஓடும் பாட்டு முடிந்ததும் அறிவிப்பைச் சொல்லி, கடைசிச் சொல் வாயிலிருந்து விழும் கணத்தில் மேடையை முடுக்கி ஒலியளவுக் குமிழை ஏற்றினால், தட்டு உரிய வேகத்தை எட்டியபோது பாட்டு தொடங்கியிருக்கும். முன்பே முடுக்கினால் முதல் ஒலி போய்விடும். பின்னால் முடுக்கினால் காற்றில் வெறும் இடைவெளி. அந்த அரைச் சுற்றில்தான் எங்கள் கவனம் முழுவதும் இருக்கும்.

ஆகவே எனக்குப் பாட்டுகள் நினைவிருப்பது அவற்றின் தொடக்கத்தாலும் முடிவாலும். இது வயலினில் எழுவது, இது தபேலா தட்டலில் தொடங்குவது, இது திடீரென நிற்பது, இது தேய்ந்து மறைவது என்று சொல்வேன். நடுச் சரணத்தைக் கேட்டால் தடுமாறுவேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுழன்ற பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால், நீண்ட பாட்டுகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வெளியிட்டிருப்பார்கள். அவற்றைத் தட்டிலேயே கேட்டுப் பழகிய முதியவர்கள், இன்று முழுப்பாட்டையும் தொடர்ச்சியாகக் கேட்கும்போது பாதியில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் மேலே பாடுவார்கள்.

பாட்டைப் பற்றிய என் சொந்த நினைவு என்று இருப்பதில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. நேயர் விருப்பத்துக்கு வந்த அஞ்சலட்டைகள் மூலம் அது என்னிடம் சேர்ந்தது. 1980-களில் பதினைந்து காசு அட்டை. ஒரே அட்டையில் பாட்டின் முதலடி, படத்தின் பெயர், கேட்பவர்களாக வீட்டிலுள்ள அத்தனை பேர், பக்கத்து வீட்டுக்காரர்கள், நேயர் மன்றத்தின் பெயர், ஊர் எல்லாம் எறும்பு ஊர்வதுபோல எழுதப்பட்டிருக்கும். பாட்டு மூன்று நிமிடம் என்றால் பெயர்களை அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எவரை விடுவது என்று முடிவெடுப்பது எளிதாக இருக்காது, ஏனென்றால் அவர்கள் கேட்க விரும்பியது பாட்டைவிடத் தங்கள் பெயரைத்தான். திருத்துறைப்பூண்டி வட்டத்து ஊர்ப் பெயர்களைத் தவறில்லாமல் உச்சரித்ததற்காகவே எனக்கு நன்றிக் கடிதம் வந்திருக்கிறது.

அட்டையில் எழுதாமல் உள்நாட்டுக் கடித உறையில் எழுதுபவர்கள் காரணத்தையும் சேர்த்து எழுதுவார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் பல, கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் மனைவியர் எழுதியவை. நாகப்பட்டினத்தில் நின்று பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா, அதன் பின் வந்த சிதம்பரம் ஆகிய கப்பல்களில் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த டிரான்சிஸ்டர்தான் அந்த வீடுகளில் இருந்த முதல் ரேடியோ. ஒரு பெண்மணி தம் கணவருக்காக ஒரு பாட்டைக் கேட்டுத் திரும்பத் திரும்ப எழுதினார். எங்கள் ஒலிபரப்பு சிங்கப்பூருக்கு எட்டாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்; கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டிருந்தார். ‘அவர் பெயரை நீங்கள் சொன்னால் போதும், வீட்டில் எல்லோரும் கேட்போம்’ என்று எழுதியிருந்தார். பாட்டு ஏதாவதொன்று. பெயர்தான் தேவைப்பட்டது.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் எழுதுவார். அவர் கேட்பது சாவைப் பற்றிய ஒரு தத்துவப் பாட்டு. சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் ஒலிபெருக்கியில் போடத் தயங்குவார்கள். அதைத் தம் மகளின் பிறந்தநாளுக்குப் போடச் சொல்லி எழுதியதால் காரணம் கேட்டு நானே பதில் போட்டேன். வேலை நியமன ஆணை கையில் கிடைத்தபோது தேநீர்க் கடை ரேடியோவில் ஓடிய பாட்டு அது என்றும், அதைக் கேட்டால் தமக்கு அன்றைய வெயிலும் முதல் சம்பளத்தின் மகிழ்ச்சியுமே நினைவுக்கு வரும் என்றும் விளக்கினார். பாட்டின் பொருள் நினைவில் ஒட்டுவதில்லை என்று நான் சொல்வதற்கு இவரைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடையாது. அந்தப் பாட்டைப் பிறந்தநாள் பாட்டுகளின் வரிசையில் சேர்க்க முடியாமல், அடுத்த வாரம் பொது விருப்பத்தில் சேர்த்தோம்.

திருவாரூர்ப் பக்கத்து நாகசுரக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் வேறு வகை. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஆபேரி ராகத்தில் ஒன்றையொன்று துரத்தும் ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டை எல்லோரும் ஜானகிக்காகக் கேட்பார்கள். இவர்கள் நாகசுரத்துக்காகக் கேட்டார்கள். காருகுறிச்சியார் நெல்லைச் சீமைக்காரர் என்றாலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். ஆகவே அந்த வாசிப்பைத் தங்கள் வீட்டுச் சொத்தாக அந்தக் குடும்பம் கருதியது. கல்யாணத்தில் வாசித்துவிட்டு நள்ளிரவில் மாட்டுவண்டியில் திரும்பியபோது பந்தல் ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டு தொடர்ந்து வந்ததாகவும், தவில்காரரான தாத்தா வண்டியை நிறுத்தச் சொல்லி முழுவதையும் கேட்ட பிறகே மாட்டை ஓட்டவிட்டதாகவும் பேரன் எழுதியிருந்தார். எங்கள் வட்டாரத்தில் திரைப்பாடலையும் கோயில் வாசிப்பையும் ஒரே காதால்தான் கேட்டார்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நிலையம் நேரடியாக ஒலிபரப்பும்போது அமைதியாகக் கேட்ட வீடுகளே, மாலையில் நேயர் விருப்பத்துக்கும் காத்திருந்தன.

காலை பக்திப் பாடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீர்காழி கோவிந்தராஜனும் நாகூர் ஹனீஃபாவும் எங்கள் மண்ணின் குரல்கள் என்ற பெருமையோடு, அடுப்பு புகையும் வேளையில் அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் மதம் பார்த்துக் காதை மூடிக்கொண்டதில்லை.

பாட்டு ஒலிக்காத நாட்களும் நினைவில் ஒட்டுகின்றன. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டபோதும், 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் நிகழ்ச்சி நிரல் முழுவதும் ஒதுக்கிவைக்கப்பட்டு, செய்திகளுக்கு இடையில் சோகமான வாத்திய இசை மட்டுமே ஒலித்தது. ரேடியோவைத் திருப்பியதும் வீணை மட்டும் கேட்டால், என்ன நடந்தது என்று செய்திக்கு முன்பே ஊர் கேட்கத் தொடங்கிவிடும். எம்.ஜி.ஆர். மறைந்த சமயத்தில் களத்துமேட்டில் நின்றிருந்த எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர், இன்றைக்கும் வீணை ஒலியைத் தொலைக்காட்சியில் கேட்டால் ‘யார் போனது?’ என்றுதான் கேட்பார். வீணைக் கலைஞர்களுக்கு இது வருத்தம் தரும் செய்திதான்.

பிறகு ஒலிநாடா வந்தது. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, அறுபது அல்லது தொண்ணூறு நிமிட நாடாவில் பதிவு செய்துகொள்வது 1980-களில் எல்லா ஊரிலும் வழக்கமாயிற்று. அந்த நாடாவில் கேட்ட பாட்டு முடிந்ததும் மனம் தானாகவே அடுத்த பாட்டைத் தொடங்கிவிடும். அப்படித் தொடங்குவது அந்த நாடாவின் வரிசை, வாழ்க்கையின் வரிசையன்று. பாட்டு பாட்டோடு ஒட்டிக்கொண்டது, வேளையோடும் வேலையோடும் ஒட்டுவது குறைந்தது. 2006-க்குப் பின் தனியார் பண்பலைகள் பெருகியபோது, கணினி மென்பொருள் ஒரு சில நூறு பாட்டுகளையே நாள் முழுவதும் சுழற்சியில் விட்டது. எந்நேரமும் வரும் பாட்டுக்கு என்று ஒரு நேரம் கிடையாது. பாட்டின் முகப்பிசை மேலேயே பேசும் இன்றைய பாணியை நான் குறைசொல்லமாட்டேன், அதற்கும் தேர்ச்சி வேண்டும். கைப்பேசியில் தானே தேர்ந்தெடுத்துக் கேட்கும் இன்றைய இளைஞருக்கும் நினைவுகள் சேரத்தான் செய்யும். பேருந்தில் ஓட்டுநர் போட்ட பாட்டும் கோயில் திருவிழாக் குழாயில் வந்த பாட்டுமே அவருக்கு முதலில் வரும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது கேள்விக்கான பதில் இதுவரை சொன்னதிலிருந்தே கிடைக்கும். ‘உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?’ என்று பெரியவர்களிடம் கேட்காதீர்கள். எல்லோரும் சொல்லும் பத்துப் பாட்டுகளில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் ரேடியோ எந்த இடத்தில் இருந்தது, அதை யார் திருப்பலாம், யார் தொடக் கூடாது, தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டியது யார் என்று தொடங்குங்கள். நடவுக் காலத்தில் மாலைச் செய்திக்கு முன்பே வீடு திரும்பிவிடுவீர்களா, ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்தை (திரைப்படம் ஒலியாக மட்டும் வருவது) எந்த வேலை செய்துகொண்டே கேட்டீர்கள், மழைக்கு முன் கரகரப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வேலையைச் சொல்லிக்கொண்டு வரும்போதே பாட்டு தானாக வந்து நிற்கும். பாட்டின் முதலடியைத் தவறாகச் சொன்னாலோ, வேறு படத்தின் பெயரைச் சொன்னாலோ உடனே திருத்த வேண்டாம். சொன்னபடியே எழுதிக்கொண்டு பிறகு சரிபாருங்கள். பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். வீட்டு ஆண்கள் உடனிருந்தால் பஞ்சாயத்து ரேடியோவைப் பற்றி மட்டுமே பேச்சு ஓடும். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அரிசி களைந்தபடி இலங்கை வானொலி கேட்டவர்கள் அவர்கள்தான்.